ட்ரெபிளைக் குறைக்கச் சொன்னார்கள்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிட்டார் செத்துவிட்டது. வேறு எப்படிச் சொல்ல? நாசரேத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசித்துவிட்டு வரும்போது வேன்காரன் மாட்டுக்காகப் பிரேக் அடித்தான். பின்னால் அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டி சரிந்து, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல என் கிட்டார் மேல் விழுந்தது. உறையைத் திறந்து பார்த்தால் விரல் ஓடுகிற நெக் இரண்டு துண்டு. கம்பிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

எங்கள் குழுவுக்கு சவுண்டு சர்வீஸ் பார்க்கிறவன் பேச்சிமுத்து. "கயிறு போட்டுத்தான் கெட்டியிருந்தேன் அண்ணாச்சி" என்றான்.

"கெட்டுன லெச்சணம் தெரியுதுல்லா!" என்று கத்தினேன். அழுகை வந்தது, அதனால்தான் கத்தினேன்.

நான் வேலை பார்க்கிற ஷிப்பிங் ஆபீசில் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து மேசைமேல் சும்மா கிடக்கிறது. கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே, அதற்கு ஆகட்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெரோம் வந்தான். என் மனைவி மெட்டில்டாவின் தம்பி, அதாவது என் மச்சினன். குழுவின் தலைவனும் அவன்தான். மச்சினனிடம் கைகட்டி நிற்பது எவ்வளவு சுகம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

"அத்தான், மதுரைல கிட்டார் கடை கஃபூர் பாய்ட்டப் பேசிட்டேன். ரெண்டு கிட்டார் அனுப்புதாரு. ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க. நம்ம கோயில் திருவிழாவுக்கு முன்ன ஒண்ண வச்சிக்கிட்டு ஒண்ணத் திருப்பிருவோம்" என்றான்.

நல்ல செய்திதானே? ஆனால் பயல் எழுந்து போகவில்லை. காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னல, சொல்லு."

"திருவிழாக் கச்சேரிய மட்டும் கொஞ்சம் பாத்து வாசிங்க அத்தான். போன வருசமே கோயில் கமிட்டில முணுமுணுத்தாவ. கிட்டார் சத்தம் காதக் குத்துதாம். இந்தத் தடவையும் அப்படின்னா, கிட்டாரையும் இன்பராஜே கீபோர்டுல போட்டுரட்டும்னு சொல்லிருவாவ. எனக்கு மறுத்துப் பேச முடியாது."

காதைக் குத்துதாம்! யார் காதை?

இந்தக் கீபோர்டு என்கிற சாமான் எங்கள் குழுவில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? முதலில் புல்லாங்குழல்காரர். பிறகு வயலின் வாசித்த இரண்டு பேர். ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின். கிட்டாருக்கும் பட்டன் இருக்கிறது. இன்பராஜ் மரியாதைக்கு இதுவரை அமுக்கவில்லை, அவ்வளவுதான். ஆக, திருவிழா மேடையில் நான் நன்றாக வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் லீட் கிட்டார் என்று ஒரு ஆள் இனிமேல் கிடையாது.

ஆகஸ்ட் 14, புதன்

இரண்டும் வந்துவிட்டன. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன்.

ஒன்று வெள்ளை. ஒல்லியாக, லேசாக, கையில் எடுத்தால் காகிதம் மாதிரி. இன்னொன்று கறுப்பு. நல்ல கனம், தோளில் மாட்டினால் தூங்குகிற பிள்ளையைச் சுமக்கிறதுபோல இருக்கிறது.

கறுப்பின் நெக்கைப் பிடித்ததும் உடம்பு சிலிர்த்தது. பொய் இல்லை. கட்டை விரல் தானாகப் போய் ஒரு இடத்தில் உட்கார்ந்தது. கம்பியை வளைத்தால் வளைகிறது, விட்டால் திரும்புகிறது, ஒரு முரண்டு இல்லை. என் கையைப் பார்த்துச் செய்தார்களோ என்று நினைத்தேன். வெள்ளையின் நெக் அப்படியில்லை. மேல் ஃப்ரெட் கட்டங்களுக்குப் போனால் சுண்டுவிரல் தடுமாறுகிறது.

ஆனால் டோன் என்று ஒன்று இருக்கிறதே! கறுப்பை ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி வாசித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. வெள்ளையும் முதலில் மந்தமாகத்தான் இருந்தது. மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முக்கால்வாசி திருகினேன், போதவில்லை. கடைசிவரை திருகினேன். அப்பாடா! அப்போதுதான் கிட்டார் கிட்டாராகக் கேட்டது. கறுப்புக்குக் கடைசிவரை திருகியும் அந்தத் தெளிவு இல்லை.

மெட்டில்டா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னங்க இது, பல்லு கூசுது!"

"ஒனக்கு டோன் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போனாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "குக்கர் விசில் அடிச்சிருக்குமே, அமத்தக் கூடாதா?" என்று கேட்டாள். விசில் வரவேயில்லை என்றேன். குக்கரை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.  அந்தக் குக்கரை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினம், லீவு. பூசை, ஆட்டுக்கறி, தூக்கம். ஃபாதர் இப்போதெல்லாம் பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜெரோம் வீட்டு மாடியில் ரிகர்சல். இரண்டு கிட்டாரையும் கொண்டுபோனேன். ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்துக் காட்டினேன்.

எல்லோரும் கறுப்பு என்றார்கள். ஒருத்தன் விடாமல்! பாடுகிறவர்கள் கறுப்பு, ட்ரம்ஸ் கறுப்பு, பேச்சிமுத்து கறுப்பு. ஓட்டுப் பெட்டி வைத்ததுபோல. இன்பராஜ் கீபோர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, கறுப்பு சும்மா வெண்ணெ மாதிரி இருக்கு. வெள்ளதான் வேணும்னா ட்ரெபிளக் கொஞ்சம் கொறைங்களேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. குறைத்தால் என்ன ஆகும்? என் சத்தம் அமுங்கும். அமுங்கினால் அவனுடைய கீபோர்டு மேலே வரும். நான் என்ன பால் குடிக்கிற பிள்ளையா?

"ஏம்ப்பா, ஒன் கீபோர்டு அமுங்கிப் போவுதோ?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜெரோம், "அத்தான், சிம்பலுக்குப் பக்கத்துல நிக்காதிய, இந்தப் பக்கம் வந்து நின்னு கேளுங்க" என்றான். லீட் கிட்டார் நிற்கிற இடம் ட்ரம்சுக்கு இடது கைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் நிற்கிற இடம். தட்டு அதிர்வதை உடம்பில் வாங்கினால்தான் தாளம் பிசகாது. புதுசாக வந்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? நகரமாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

போனில் கத்திப் பேச வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். லைன் சரியில்லை, நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 22, வியாழன்

ராத்திரி முழுவதும் சில்வண்டு கத்தித் தூங்கவிடவில்லை என்று மெட்டில்டா காலையில் புலம்பினாள். எனக்கு ஒரு வண்டும் தெரியவில்லை, நன்றாகத் தூங்கினேன். "வயசாவுதுட்டி ஒனக்கு" என்று சீண்டினேன். வழக்கமாக இதற்குப் பத்து வார்த்தை திருப்பித் தருவாள். இன்றைக்குச் சட்டினியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள், கிண்ணம் நிறைந்து வழிகிறவரை.

சாயங்காலம் கறுப்பை ஒரு மணி நேரம் வாசித்தேன். சும்மா, கைக்காக. விரல்கள் என்ன நினைத்தாலும் அது கேட்கிறது. இவ்வளவு நல்ல கைப்பாங்குக்கு இவ்வளவு மந்தமான சத்தமா என்று வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

புன்னைக்காயலில் மத்தியானக் கல்யாணம். மண்டபத்தில் சின்ன மேடை. வெள்ளையைத்தான் கொண்டுபோனேன். திருவிழாவுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டில் நான் தனியாக வாசிக்கிற ஒரு பெரிய இடம் வரும். சத்தம் கொஞ்சம் மங்கலாகப் பட்டது. ஆம்ப் பக்கம் திரும்பி ட்ரெபிளை ஏற்றினேன். வால்யூமையும் ஏற்றினேன். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன்.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை, பொண்ணு, பந்திக்கு நின்றவர்கள், எல்லோரும். ஒரு கைப்பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. மேடைக்கு முன்னால் இருந்த ஒரு மனுஷர் என்னைப் பார்த்து என்னவோ சொல்லிக் கையை ஆட்டினார். பாராட்டுகிறார் என்று முதலில் நினைத்துத் தலையை ஆட்டினேன். பேச்சிமுத்து மிக்சரை விட்டுப் பாய்ந்து வந்து என் ஆம்பின் ஒயரைப் பிடுங்கினான்.

"ஸ்பீக்கர் கூவுது அண்ணாச்சி! அந்தக் கூவு கூவுது, கேக்கலியா?" என்றான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அந்த மண்டபமே சரியில்லை. தகரக் கூரை. எந்த ஆம்ப் வைத்தாலும் கூவத்தான் செய்யும்.

ஜெரோம் வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே அடுப்படிக்குப் போய் அக்காவிடம் பேசிவிட்டுப் போனான். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கவில்லை, அந்த மட்டும் பெருமை.

ஆகஸ்ட் 28, புதன்

ஆபீசிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்து வெள்ளைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கிட்டார் தலையில் மாட்டுகிற டியூனர் வைத்துத்தான் சுருதி சேர்க்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் மெட்டில்டா எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

"என்னட்டி, யாருக்கு என்ன?"

"ஒங்க முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒங்க போனக் கையில வச்சிக்கிட்டு மணியடிக்க விட்டேன். திரும்பவே இல்லியே நீங்க."

"வேலையில இருந்தேன்."

"திருநெல்வேலில காது டாக்டரு இருக்காரு. வெள்ளிக்கிழம போறோம். நா ஜெரோம்ட்டச் சொல்லிட்டேன்."

"அவன்ட்ட எதுக்குச் சொன்ன? கமிட்டில போய்ச் செவிடன்னு சொல்லவா?" என்று கத்தினேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவள் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாடு தனித்தனியாகச் சாப்பிட்டோம். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. மனசு ஆறவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

திருநெல்வேலி போய் வந்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வைக்காமல் சும்மா உட்காரவைத்துவிட்டார்கள். அறைக்கு வெளியே இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டாக்டர் என்னென்னவோ சொன்னார். மெட்டில்டா கேட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊர் பார்க்கப் பஸ்ஸில் கையைப் பிடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சாயங்காலம் கோயிலில் கொடியேற்றம். வெடி போட்டார்கள். வெடி நன்றாகக் கேட்டது.

செப்டம்பர் 1, ஞாயிறு

வெள்ளைதான். முடிவு செய்துவிட்டேன். ஊரே கறுப்பு என்று சொன்னால் இந்த ரெமிஜியுஸ் கறுப்பை எடுக்க வேண்டுமா? டோன்தான் கிட்டார்க்காரனுக்கு முகம். முகத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மேடையில் என்ன வேலை? ரிகர்சலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்கவில்லை. ஆம்ப் இல்லை, விசிறி இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பக்கத்தில் இருந்தது கறுப்பு. எடுத்து மடியில் வைத்தேன்.

ஆம்ப் இல்லாமல் எலக்ட்ரிக் கிட்டாருக்குச் சத்தமே கிடையாது. எறும்பு பேசுகிற அளவுக்குத்தான் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. ஆனால் அடிக்கம்பியைத் தட்டியதும் நெஞ்சுக்கூட்டில் ஒரு அதிர்வு. வயிறு வரை இறங்கியது. மேல் கம்பியைத் தட்டினேன், காதில் ஒன்றும் இல்லை. தட்டிய விரலிலும் அமுக்கிய விரலிலும் மட்டும் ஒரு நடுக்கம். கொஞ்சம் தள்ளி அமுக்கினால் அந்த நடுக்கம் கரகரக்கிறது, சரியான இடத்தில் அமுக்கினால் வழுவழுவென்று இருக்கிறது. சரியா தப்பா என்பதை விரலே சொல்லிவிடுகிறது!

திருவிழாவுக்கு வாசிக்க வேண்டிய மெதுவான காதல் பாட்டின் முழு இடத்தையும் அப்படியே வாசித்து முடித்தேன். பிறகு வெள்ளையை எடுத்து அதே இடத்தை வாசித்தேன். கட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு பதிலும் இல்லை.

மெட்டில்டா மெழுகுவர்த்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எது?" என்று கேட்டாள். வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"கறுப்பு" என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

வெள்ளையைப் பார்சல் கட்டி மதுரைக்கு அனுப்பிவிட்டேன்.

ரிகர்சல் போனேன். ஜெரோம் இவ்வளவு தங்கமான பிள்ளை என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆம்பில் ட்ரெபிளை எனக்குப் பிடித்த அளவுக்கு, கடைசிவரை வைத்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "நீங்க என்ன வச்சாலும் சரி அத்தான்" என்றான். இன்பராஜ்கூட, "அந்த லவ் சாங்குல ஒங்க எடத்த இன்னொருக்கா வாசிங்கண்ணே, ஆசையா இருக்கு" என்று கேட்டுப் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்துகொண்டான். இரண்டு தடவை வாசிக்கவைத்தான்.

கோளாறு கிட்டாரில்தான் இருந்தது, கிட்டாரை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. மெட்டில்டாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். டாக்டர் சொன்னதைப் பற்றி ஜெரோமிடம் பேச வேண்டாம் என்றும் சொன்னேன். திருவிழா முடியட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று சாயங்காலம். சட்டை தேய்த்தாயிற்று. கம்பி புதுசு. டியூனரில் மூன்று தடவை சுருதி பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

காலை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கோயில் மைதானம் நிறைந்திருந்தது. தேர் நிலைக்கு வந்ததும் கச்சேரி ஆரம்பித்தோம். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் வெள்ளை வேட்டியில். மெட்டில்டா அவர்களுக்குப் பின்னால், ஜெரோமின் பெண்டாட்டியோடு. நான் என் இடத்தில், ட்ரம்சுக்கு இடது கைப் பக்கம். முதல் பாட்டுகள் சுகமாகப் போயின. கறுப்பு கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேடை ஸ்பீக்கரில் கிட்டார் அடக்கமாக, உருண்டையாக வந்தது. மங்கலாகத்தான் எனக்குப் பட்டது. ஆனாலும் ஆம்பைத் தொடவில்லை. கூட்டத்தில் ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

பிறகு அந்தக் காதல் பாட்டு. நடுவில் என் இடம். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். பாதியில், மேல் ஃப்ரெட்டில் கம்பியை வளைக்கும்போது பட்டென்று அறுந்தது. அறுந்த முனை மணிக்கட்டில் அடித்தது. கை நின்றுவிட்டது.

கிட்டார் நிற்கவில்லை.

நான் வாசிக்க வேண்டிய அடுத்த வரி ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. அதே வளைவு, அதே இழுப்பு, என்னுடைய பழைய வழக்கமான அந்தச் சின்னத் தாமதம்கூட. நான் கம்பியிலிருந்து கையை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். என் சோலோ எனக்கு முன்னால் ஓடியது. திரும்பிப் பார்த்தேன். இன்பராஜின் வலது கை கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் பாட்டை நிறுத்த முடியுமா? வாசித்து முடித்தான்.

முடித்ததும் விசில் பறந்தது. முன்னால் நின்ற பையன்கள் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தி, "கிட்டாரு அண்ணாச்சி, சூப்பரு!" என்று கத்தினார்கள். நான் அறுந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பாட்டோடு இடைவேளை. ஃபாதர் பேச ஏறினார். நாங்கள் மேடைக்குப் பின்னால் இறங்கினோம். அங்கே மிக்சரில் என் கிட்டாருக்குரிய லைன் அடியோடு மூடியிருந்தது, என் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகவேயில்லை. தொட்டுப் பார்த்தேன். ஆம்பில் விளக்கும் பேருக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. பேச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

"மொதப் பாட்டுலருந்தா?" என்று கேட்டேன்.

ஜெரோம் பக்கத்தில் வந்தான். "ஆமா அத்தான். வேற வழி தெரியல. கல்யாண வீட்ல நடந்தது கமிட்டி வரைக்கும் போயிட்டு. ஒங்கள மேடையிலருந்து எறக்கவும் மனசு வரல. நீங்க நின்னா மட்டும் போதும்னு..."  அழுகிறான். கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். அவன் அழுததுதான் என்னைத் தடுத்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. எங்க மூணு பேருக்குந்தான்."

இன்பராஜ் வாயைத் திறந்தான். "ஒரு நோட்டு விடாம ஒங்கள மாதிரியே வாசிக்கப் பாத்தேண்ணே. அசிங்கமா இருக்கு எனக்கு."

அப்போது சொன்னேன். இந்த டைரியில்கூட நான் எழுதாததைச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்கல மாப்ள. கீழ் சத்தம் கேக்கும், மேல் சத்தம் ஒண்ணுமில்ல. போனது போனதுதான், வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெசின் வைக்கணும். நா ட்ரெபிளத் திருகுததெல்லாம் எனக்கு இல்லாத காதுக்குத்தான்."

 மேடையில் ஃபாதர் ஏதோ சொல்லிக் கூட்டம் சிரித்தது, அந்த இரைச்சல் மட்டும் வந்தது.

"ஆனா விரலு சரியா இருக்கு. திருகுதத நீங்க திருகுங்க, வாசிக்கத நா வாசிக்கேன். அடுத்த பாதில என் லைனத் தொறங்க" என்றேன்.

ஜெரோம் முன்வரிசைப் பக்கம் பார்த்தான். "அத்தான், கமிட்டித் தலைவரு உக்காந்திருக்காரு. சொதப்பிருச்சுன்னா அடுத்த வருசம் கிட்டாரு கெடையாது. நா என்ன சொல்லியும் நிக்காது."

"சொதப்புனா நானே எறங்கிருதேன். எறக்கிவிடுத வேலைய ஒனக்கு வைக்கமாட்டேன்."

இன்பராஜ்தான் முதலில் நகர்ந்தான். ஃபாதர் இறங்கியதும் மேடையேறி என் ஆம்புக்குப் போய்க் குந்தினான். ட்ரெபிளைக் கீழே இறக்கினான், இறக்கினான், இன்னும் இறக்கினான்.  அவ்வளவு தூரமா நான் ஏற்றி வைத்திருந்தேன்? "இப்ப வாசிங்கண்ணே" என்றான். புதுக்கம்பி போட்டு, டியூனர் பார்த்து, தட்டினேன். எனக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோல இருந்தது. அவன் தலையை ஆட்டினான். பேச்சிமுத்துவும் ஆட்டினான்.

இரண்டாவது பாதிக்கு ட்ரம்ஸ் பக்கம் போகவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு இன்பராஜின் கீபோர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கையைப் பார்த்துத் தாளம் பிடிக்கலாம் என்று. என் இடம் வந்தபோது அவன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மார்போடு கட்டிக்கொண்டான். இனி நான்தான். காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது, கறுப்பு நெஞ்சில் அதிர்ந்தது. மேலே போகப்போகக் காதில் ஒன்றும் இல்லை. விரல் நடுக்கம் மட்டும். இருட்டு வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவதுபோலப் போனேன். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. பயம் விடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. கைதட்டினார்கள். முதல் பாதிக்கும் இப்படித்தான் தட்டினார்கள், அதை வைத்து என்ன தெரியும்? ஜெரோமைக் கேட்டால் அழுதுகொண்டே நல்லாயிருந்தது என்பான். இன்பராஜைக் கேட்டால் அவனும் அப்படித்தான் சொல்வான். யாரையும் கேட்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

காலையில் ஜெரோம் போன் பண்ணினான். மெட்டில்டா எடுத்தாள். பேசிவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ரிகர்சலாம். கமிட்டி ஒண்ணும் சொல்லலியாம். கிட்டாரக் கொண்டாரச் சொல்லுதான்."

எனக்கு அதுவும் போதவில்லை. பாவம் பார்த்துச் சொல்கிறானோ என்று இருந்தது. அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "நேத்து எப்படியிருந்துச்சு? உள்ளதச் சொல்லு" என்றேன்.

"உள்ளதச் சொன்னா கோவப்படக் கூடாது."

"படமாட்டேன்."

"மொதப் பாதி சுத்தம். ஒரு பெசகு இல்ல. ரெண்டாவது பாதிலதான் ரெண்டு எடத்துல விட்டுட்டிய. கையி அசந்துபோச்சோ என்னமோ."

"எந்தெந்த எடம்?"

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த வேகப்பாட்டில் பல்லவிக்குத் திரும்புகிற இடம் ஒன்று, கடைசிப் பாட்டில் மேலே ஏறி இறங்கும்போது ஒன்று. பாடியே காட்டினாள். இரண்டும் சரி. அந்த இரண்டு இடத்திலும் என் சுண்டுவிரல் வழுக்கியது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அவள் கேட்டது என் விரலைத்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. தப்பு விட்டதைச் சொன்னதற்கு இந்த மனுஷன் எதற்கு அழுதுகொண்டே சிரிக்கிறான் என்று தெரியாமல், தோசை கருகக் கருக அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.